சாக்கு

ஆறாம் இரவு.
கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெட்டாற்றுக் கரையோரம்
கொள்முதல் நிலையத்துக் களத்தில்
எங்கள் நெல் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருக்கிறது.
நாங்கள் போர்த்தாமல்.

டோக்கன் நாற்பத்தொன்று.
பட்டியல் எழுத்தர் சிங்காரவேலு
'பத்தொன்பது ஈரம்' என்றார் திங்களன்று.
காயவைத்தோம். பதினாறரை.
'ஈரம் சரி. இப்ப சாக்கு இல்ல.'
சாக்கு இல்லை என்பதே சாக்காகி
நான்கு நாள்.

ஏப்ரலில் எனக்குப் பரீட்சை.
நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக
ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும்.
ஒரு காதில் செல்போன் பாடம்,
மறுகாது எலிக்கும் மழைக்கும்.
இன்றைய பாடம் தூக்கம்.

'ஹிட் த சாக்' என்கிறாள் போனுக்குள் இருப்பவள்.
சாக்கை அடி.
படுக்கப் போவதை அப்படிச் சொல்வார்களாம்.
பீடியோடு குந்தியிருந்த லோடுமேன் அந்தோணிராஜிடம் சொன்னேன்.
'இருபது வருசமா அதத்தானே பண்றேன்,
படுத்தபாடு இல்லியே' என்று
முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டார்.

அடுத்தது, மரக்கட்டைபோல் தூங்குவது.
போல் எதற்கு?
'செத்த கட்டையச் சாய்க்கிறேன்' என்பார் அப்பா,
தினமும், சாப்பிட்ட கையோடு.
ஆறு நாளாய்ச் சாய்க்கவில்லை.
அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி
டார்ச் அடித்து நடக்கிறது கட்டை.

தூக்கம் வராவிட்டால் ஆடுகளை எண்ண வேண்டுமாம்.
எண்ணினேன்:
நூற்றுப் பன்னிரண்டு மூட்டை தேறும்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் வெளியே சொல்லாத கூலி.
மழை வந்தால் தொண்ணூறு மூட்டை.
சொசைட்டிக் கடன், அறுப்பு மெஷின் வாடகை,
நகை மூழ்கும் தேதி.
ஆடு வைத்திருப்பவர்கள்
வசதியானவர்களாக இருக்க வேண்டும்.

'ஸ்லீப் ஆன் இட்.'
முடிவெடுக்குமுன் ஒரு ராத்திரி அதன்மேல் தூங்கு.
பெரிய ஆபீசில் இந்தப் பாடத்தை
முன்பே முடித்துவிட்டார்கள்.
எங்கள் மனு மேசைமேல்.
அவர்கள் மனுமேல்.

ஒன்றரைக்குக் கண் சொருகியது, கோழித்தூக்கம்.
அதற்குள்ளும் பாடம் ஓடியது.
தூங்குவதென்றால் தொங்குவது, பழைய தமிழில்.
தூக்குவதென்றால் நிறுப்பதும்.
மின்தராசு வந்தபின் கழற்றாமல் விட்ட
பழைய தராசு ஒன்று
கொட்டகைக் கம்பியில் காலித் தட்டோடு
தூங்கிக்கொண்டிருந்தது,
எல்லா அர்த்தத்திலும்.

இரண்டேகாலுக்கு லாரி.
சாக்கு வந்துவிட்டது.
களமே எழுந்தது.
யாரும் கண்ணைக் கசக்கவில்லை,
கசக்க அதில் ஏதாவது இருந்தால்தானே.
முப்பத்தொன்பது. நாற்பது, ரகமத்துல்லா.
அடுத்து நாங்கள்.
அப்பாவைக் காணோம்.

லாரியிலிருந்து இறக்கிப் போட்ட
சாக்குக் கட்டின்மேல் கிடந்தார்,
வாய் திறந்து, ஒரு செருப்பு காலிலேயே,
அடித்துப்போட்ட மாதிரி.
எழுப்பப் போன சிங்காரவேலுவை மறித்தேன்.
'ரேகை வெக்கணுமே?'
'வெப்பாரு.'
கட்டைவிரலை மட்டும் மெதுவாகத் தூக்கி
மெஷினில் வைத்தேன். பதியவில்லை. உமித்தூசி.
துப்பட்டாவில் துடைத்து
மறுபடி வைத்ததும் பச்சை எரிந்தது.
அவர் குறட்டை ஒரு கணம் நின்று,
பிறகு தொடர்ந்தது.

பத்தாவது மூட்டையில் நிமிர்ந்து பார்த்தேன்.
நாற்பது கிலோவுக்கு நாற்பத்தொன்று காட்டியது தராசு.
சாக்கின் எடை அறுநூறு கிராம்.
மீதி நானூறு?
அதற்கும் ஒரு சாக்கு இருந்தது அவர்களிடம்.
சண்டை போட்டேன், தமிழில்.
அரைமணி நேரம் சரியாக நிறுத்தார்கள்.
அப்புறம் என் கண் எரிய ஆரம்பித்தது.

கடைசி மூட்டைக்கு வாய் தைக்கையில்
ஆற்றுக்கு மேல் வெளுத்திருந்தது.
அப்பா புரண்டு படுத்தார்.
போன் தானாக அடுத்த பாடத்துக்குத் தாவியது.
'நேற்றிரவு எப்படித் தூங்கினீர்கள்?
ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள்.'
நூற்று ஒன்பது மூட்டை, என்றேன்.

நல்ல முயற்சி, என்றாள்.
மீண்டும் ஒருமுறை.