குரும்பட்டிக் கணக்கு

விடிய ஐந்தரைக்கே எண்ணிவிட வேண்டும்.
பிந்தினால் ஆட்டுக்குட்டிகள் உருட்டிவிடும்.
ஏழாம் மரம்: பதினொன்று.
எட்டாம் மரம்: நாலு. ஒன்று அணில் கடித்தது,
அது கணக்கில் இல்லை.
பதின்மூன்றாம் மரத்தடியில்
எண்ணாமல் கூட்டி அள்ளினேன்.

சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில்
மகனின் பின்னக் கணக்கு, பாதியில் நிற்கிறது.
அடுத்த பக்கத்திலிருந்து என்னுடையது.

கண்ணூறு என்றாள் வேலிக்கு அப்பால் தவமலர்.
நீற்றுப்பூசணி கட்டச் சொன்னாள். கட்டினேன்.
பூசணி அழுகி விழுந்த காலையில்
அதற்குப் பக்கத்திலேயே ஆறு கிடந்தன.

கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் றிஸ்மியா.
கும்புறுப்பிட்டி மணலில் சில்லுப் புதைய
மிச்சத் தூரம் நடந்து.
எல்லோரும் வட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.
அவள் குனிந்தாள்.
ஒரு பிடி அள்ளி விரல்களை விரித்தாள்;
ஒன்றும் மிஞ்சவில்லை.
"இது மண்ணில்லை அக்கா, அரிதட்டு.
போட்டதெல்லாம் மாரியோட கடலுக்குப் போகுது.
இப்ப விழுகிறது இந்த வருசத்துப் பசியும் இல்லை."

உரம் வராத அந்த வருடம்
தோட்டை அடகு வைத்தேன்.
மரங்கள் எதை வைத்தன என்று
அப்போது கேட்கவில்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் நனைத்த பிறகு
ஆறடிக் கயிற்றோடு மகன் சுற்றி ஓட,
அவன் கீறிய வட்டத்துக்குள்
எட்டுச் சுண்டு பொட்டாஷ், செங்கல் நிறத்தில்.
டொலமைட், கை வெளுக்க.
வட்டத்துக்கு வெளியே உரிமட்டைக் குழி,
ஈரத்தைப் பிடித்து வைக்க.
போரக்ஸ் மட்டும் மூன்று கரண்டி.
கூடினால் நஞ்சு என்றிருந்தாள்.
அது வெண்காரந்தானாம்.
என் தோட்டின் உடைந்த கொக்கியை
பத்தர் ஊதி ஒட்டிய அதே வெண்காரம்.
கரண்டியைத் தட்டித் தட்டி மட்டம் பார்த்தேன்.

"ஒன்றரை வருசம் பொறுங்க அக்கா."
வங்கிக் கடிதம்
அப்படியெல்லாம் பேசுவதில்லை.

தையில் ஒன்பது.
மாசியில் பத்து. தவமலர் சிரித்தாள்.
அடுத்த தையில் ஏழு.
பங்குனியில் ஒரு பாளை வெடித்து
பதினைந்து குரும்பட்டி பிடித்தது.
கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்,
அதையும் கொப்பியில் எழுதலாமா என்று தெரியாமல்.

இன்று பதின்மூன்றாம் மரத்தடியில் மூன்று.
சோளகம் இன்னும் தொடங்கவில்லை.
பேனையை மூடி வைத்துவிட்டு
பென்சிலால் எழுதினேன்.