ஏனுங்க ஆண்டவரே

வழக்கம்போல் ‘நீர்’ என்றுதான் தொடங்கினேன்.
கிருபையுள்ள பிதாவே, உமது சமுகத்தில் வருகிறேன் என்று
உபதேசியார் பழக்கிவிட்ட வரிசை பிசகாமல்.

மணி இரண்டு பத்து.
கரண்ட் போய் நாற்பது நிமிஷம்.
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது.
டீசல் வாங்கிவர வண்டி எடுக்கிறவர், தீமோத்தேயு,
காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறார்.
பல்லடத்துக்குத் தெற்கே, சித்திரை வெயிலில்,
இருநூற்றிருபதடி ஷெட்டுக்குள் நான்,
நாலாயிரத்து இருநூறு கோழிகளோடு.

முப்பத்தாறு நாள் கோழிகள்.
நாளை மறுநாள் லாரி.
கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம்,
சாவு மட்டும் எங்களுடையது.

ஃபாகரின் கடைசிச் சொட்டு நூலாக இறங்கி அறுந்தது.
இறக்கையை அகட்டி, அலகைப் பிளந்து
ஷெட்டு முழுக்க ஒரே இரைப்பு.
உட்கார விடக்கூடாது.
எழுப்பி நடக்கவைத்தால்தான் அடிவயிற்றுச் சூடு விலகும்.
காலால் மெல்லத் தள்ளிக்கொண்டே ஜெபித்தேன்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

“ஆண்டவரே, உமக்குச் சித்தமானால்—”
கதவோரம் ஒன்று மல்லாந்தது.
“எங்கள் மீறுதல்களை எண்ணாமல்—”
இரண்டு. ஐந்து.
“நன்றியுள்ள இருதயத்தோடே—”
அதற்குமேல் அந்தத் தமிழ் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு
தீவன மூட்டை தூக்குகிற மாதிரி இருந்தது.

ஏனுங்க, என்றேன்.
ஏனுங்க ஆண்டவரே, கேக்குதுங்களா?
குருவி விழுந்தாக்கூட உங்களுக்குத் தெரியும்னீங்களே,
பிராய்லருக்கு அந்தக் கணக்கு இல்லீங்களா?
ஒவ்வொன்னும் ரண்டு கிலோ வந்துருச்சுங்க.
பேங்குக்காரனுக்கு நான் என்னன்னு சொல்றதுங்க?
அவரு காலையும் ஒடச்சுப் போட்டீங்க—
இல்லீங்க, நீங்க ஒடைக்கலீங்க,
பைப்புக்குத் தோண்டி மூடாத பள்ளத்துல விழுந்தாரு.
அந்தப் பள்ளத்துகிட்ட நீங்க எங்கீங்க இருந்தீங்க?
ஒரு நிமிஷம் எறங்கி வாங்க.
இந்தச் சூட்டுல வந்து நின்னு பாருங்க!

“யாருகூடங்க்கா சண்டை?”

வலைக்கு வெளியே சென்னியப்பன்.
டிராக்டருக்குப் பின்னால் தண்ணீர் டேங்கர்,
மாகாளியம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற தண்ணீர்.
சத்தம் கேட்டு ரோட்டிலிருந்து திருப்பியிருக்கிறான்.
யாரோடு என்று நான் சொல்லவில்லை.
அவன் கோழிகளைப் பார்த்தான்.
“ஆத்தா பொறுத்துக்குவா” என்று ஹோஸை உருவினான்.

கூரையில் தண்ணீர் பட்டதும்
காய்ந்த தோசைக்கல் போல ஷீட்டு சீறியது.
முதலில் ஆவி. அப்புறம் சொட்டு.
பக்கத்துச் சாக்குகள் கறுத்துக் கனத்துத் தொங்க,
அவற்றின் வழியே
நனைந்த காற்று ஒன்று உள்ளே வந்து
என் முழங்கால் உயரத்தில் நடந்து போனது.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
அவன் குழி வெட்டினான், நான் சுண்ணாம்பு தூவினேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
போனில் எண்ணைச் சொன்னதும்
சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
தீமோத்தேயு, எத்தனை, என்று கேட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
கோயிலில் பொங்கல் தாமதமானதற்கு
சென்னியப்பன் என்ன சொன்னானோ தெரியாது.

நன்றி சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு உங்கள்மேல் வழக்கு இருக்கிறது,
அதை விடுவதாயில்லை.
மூச்சோடு நிற்கும் மூவாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டும்
வேறு ஏட்டில்.

இரவு படுத்தபிறகுதான் நினைவு வந்தது,
மத்தியானம் தொடங்கியதற்கு ஆமென் சொல்லவில்லை.
வாய்வரை வந்தது.
சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று இருந்தது.
ஷெட்டில் ஒரு விளக்கை எரியவிட்டிருக்கிறேன்.
லாரி வரட்டும், எடை போடட்டும்.
அதுவரைக்கும்
இங்கேயே இருங்க.