இடதுகைச் சுட்டுவிரல்

லீசிங் கம்பனி வாசலில் இருக்கும்
கைரேகை இயந்திரத்துக்கு
என்னைப் பிடித்ததேயில்லை.
எட்டரைக்கு விரலை வைப்பேன்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன் என்பாள்
உள்ளே குடியிருக்கும் பெண்.
துடைத்து வைப்பேன், ஊதி வைப்பேன்.
பின்னால் வரிசை நெளியும்.
கடைசியில் மெனேஜர் பஸ்மின்
கொப்பியில் சிவப்புப் பேனாவால் எழுதினார்:
மதனரூபி, ரேகை இல்லை.
அன்றிலிருந்து எனக்குக் கையெழுத்துத்தான்.

ரேகையெல்லாம் ஆந்தைக்கல்லில் கிடந்தது.
பூனாகலை பஸ்ஸில் நாற்பது நிமிடம்,
பிறகு பைனஸ் காட்டுக்குள் ஏற்றம்.
ஞாயிறு தோறும் நானும் இரோமியும்.
ஏறி முடித்த வழிகளுக்குப் பெயர் வைத்தோம்.
சம்பள அட்வான்ஸ்:
முதலில் சுகம், முடிவில் அழவைக்கும்.
பருப்பு வடை: கையோடு பிய்ந்து வரும்.
ஒன்றுக்கு மட்டும் பெயரில்லை.
அதன் பதினோராவது பிடி
தேயிலை விதையளவு ஒரு மேடு.
இரண்டு விரல் நுனிக்குத்தான் இடம்.
பதினேழு தடவை அங்கிருந்து விழுந்தேன்.
பதினேழு தடவையும் கயிற்றைப் பிடித்தபடி
இரோமி சொன்னது ஒரே சொல்:
ஆயெத்.
மறுபடியும் என்று அர்த்தம்.

ஐப்பசி மழையோடு வந்தது.
முதலில் சட்டைப் பொத்தான்.
பிறகு ஜேம் போத்தல் மூடி.
பிறகு, சொல்ல வெட்கம், தலைமுடிச் சிக்கு.
கல்லுக்குக் கோபம் போல என்று
இரண்டு ஞாயிறு விட்டுக்கொடுத்தேன்.
பதுளை ஆஸ்பத்திரி டொக்டர்
சந்தையில் இஞ்சி பார்ப்பதுபோல்
என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.
வாதம் என்றார்.
உன் உடம்பே உன் மூட்டைக் கடிக்கிறது.
வயது?
இருபத்தொன்பது.
பாரம் தூக்குவதுண்டா?
என்னைத்தான் தூக்குகிறேன் என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கிழமைக்கு ஒருநாள் ஐந்து மஞ்சள் குளிசை.
எந்த நாள் என்று கேட்டார்கள்.
ஞாயிறு என்றேன், அது சும்மாதான் கிடந்தது.
குமட்டலோடு ஜன்னலில் சாய்ந்தால்
பனி விலகும் நேரம்
ஆந்தைக்கல் ஒரு முழங்கை மட்டும் தெரியும்.
நல்லதாப் போச்சு என்று அம்மா சொல்லவில்லை.
சொல்லாமலிருக்க அவர் பட்ட பாடு
தேங்காய் துருவும் சத்தத்தில் கேட்டது.

மாசியில் ஒருநாள் போனேன்.
ஏற அல்ல, கயிறு பிடிக்க.
அதற்கும் விரல் மடங்கவேண்டும் என்பது
பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.
தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை
இரோமி எங்கோ கடன் வாங்கியிருந்தாள்.
எதுவும் பேசாமல் என் இடுப்பில் மாட்டினாள்.
பெயரில்லாததில் ஏறினாள்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் அவள் விரல் நுனி அமர்ந்தது.
விழு, என்று நினைத்தேன்.
நினைத்தது நான்தான்.
விழுந்தாள்.
அவள் பாரம் என்னை நிலத்திலிருந்து
ஒரு சாண் தூக்கியது.
இந்த வருடம் நான் ஏறிய உயரம் அவ்வளவுதான்.
அங்கே தொங்கியபடி என்னைப் பார்த்தாள்.
எவ்வளவு நேரமோ.
ஆயெத், என்றேன்.
குரல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

நேற்றுத் திங்கள்.
கொப்பி தீர்ந்துவிட்டதாம்,
புதியது வரும்வரை எல்லோரும் விரல் வைக்கட்டுமாம்.
வைத்தேன்.
தேங்க் யூ என்றாள் அந்தப் பெண்,
ஒரே தடவையில்.
பஸ்மின் கைதட்டினார்:
இப்பதான் இது மனுசக் கை!
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

பிறகு டொய்லட் கதவைப் பூட்டிக்கொண்டு
பல்பின் கீழ் விரலைப் பிடித்தேன்.
சுழி சுழியாய் இளந்தோல்.
இத்தனை மாதம் என்னைக் கேட்காமலே
வளர்ந்திருக்கிறது.
சீமெந்துச் சுவரில், தோள் உயரத்தில்,
ஆணி பிடுங்கிய ஒரு பள்ளம்.
இரண்டு விரல் நுனிக்கு இடமிருந்தது.
வைத்தேன். வலித்தது.
கொஞ்சமாய் என் பாரத்தை அதில் சாய்த்தேன்.
வெளியே யாரோ தட்டினார்கள்.
இருங்க, என்றேன்.