கத்தியில் விழுந்த கோடு

சாம்பல்தீவுக்குப் பின்னால் நிற்கும் குன்றுக்குப் பெயரில்லை.
வரைபடத்தில் நூற்றுப் பதினொன்று, அவ்வளவுதான்.

குலேந்திரன் பேனாக்கத்தியைத் தந்து
பாறையைக் கீறிப் பார் என்றார்.
கீறினேன்.
கோடு கத்தியில் விழுந்தது.
"கருங்கல் இல்லை. ஒருகாலம் கடற்கரை மணல் இது.
ஆழத்தில வெந்து மேல வந்தது."
கீழே, இன்றைய மணலில்,
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீரை. பாலை. வேரைப் பிளவுக்குள் விட்டு
தண்ணீர் தேடும் ஒரு கல்லிச்சி.
சூரைமுள் என் சட்டைக்கையைப் பிடித்தது.
"முன்னுக்கு இழுத்தா விடாது,
பின்னுக்கு வாங்க" என்றார் மூதூர் நிஸ்மியா.
பின்னுக்குப் போனேன். விட்டது.

எங்கோ மந்தி ஒன்று குரைத்தது.
கடற்கழுகு பாம்போடு தாழப் பறந்து போனது,
பாம்பு இன்னும் நெளிந்தபடி.

உச்சிக்குச் சற்றுக் கீழே
பாறை முகத்தில் ஏழு குழிகள்.
எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நிஸ்மியா அடிமட்டத்தை வைத்தார்.
குழிக்குள் பிடித்திருந்த கற்பாசி,
சாம்பற்பச்சை வட்டம், பதினாறு மில்லிமீற்றர்.
"வருசத்துக்கு ஒரு மில்லிமீற்றர் வளரும்.
சிலது அதுவும் இல்லை."
கணக்கைச் சத்தமாக யாரும் போடவில்லை.
குறிப்பேட்டில் எழுதினார்:
கிழக்கு முகம். நிழல் குறைவு. உயிருடன்.

பிறகு சோற்றுப் பார்சல் பிரித்தோம்.
நெத்தலிப் பொரியலுக்கு எறும்பு வந்தது,
அதன் பெயர் இருவருக்குமே தெரியவில்லை,
சிரித்தார்கள்.

கத்தியைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.
மாங்காய் நறுக்கும்போது
அலகில் அந்தக் கோடு
விரலுக்குத் தட்டுப்படுகிறது.