உறையின் உட்புறம்

வங்கிக் கடித உறையைக் கிழிக்காமல் பிரித்துத்
திருப்பிப் பாருங்கள்.
உள்ளே கடல்.
வெளிச்சத்தில் பிடித்தாலும் தொகை தெரியக்கூடாதென்று
யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு அச்சடித்த
பொடிப்பொடி நீல அலை.
தண்ணீர்க் கம்பெனியுடையது சாம்பல் கோடு,
மழைக்கு ஆகும்.
மின்சாரக்காரர்கள் பச்சை.
மூன்றாம் நினைவூட்டலுக்கு மட்டும்
அந்தப் பச்சை கறுத்து வரும்,
அதில் ஊசியிலை மரம் நன்றாக வெட்டலாம்.

எம்லினுக்கு ஆலையில் கணக்கு முடித்த வருஷம்
போர்ட் டால்பட்டில் எங்கள் வீட்டுக்குள்
நிறையக் கடல் வந்தது.

அட்டைக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி,
பழுப்புப் பக்கம் வெளியே.
பசைக்கு மைதாவும் வெந்நீரும்,
பூசணம் பிடிக்காதிருக்க ஒரு சிட்டிகை உப்பு.
ரிப்பன், போன ஈஸ்டர் முட்டையின் இடுப்பிலிருந்து.
நம் முகவரி எட்டிப்பார்க்கும் கண்ணாடித்தாள் ஜன்னலைத்
தனியே வெட்டி வைப்பேன்.
துளைக்கருவி துப்பிய வெள்ளைப் பொட்டுகளை
அதன் பின்னால் அடைத்து ஒட்டினால்
ஆட்டும்போதெல்லாம் பனி பெய்யும்.
பிள்ளைகள் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுப்பது
அதற்குத்தான்.

அடக்கவிலை ஏழு பென்ஸ்,
சனிக்கிழமைச் சந்தையில் ஒன்றரைப் பவுண்டு.
தபால்தலை அதைவிட அதிகம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஊருக்குள் என்றால் நானே நடந்துபோய்க்
கதவுத் துவாரத்தில் போட்டுவிடுவேன்.
ஷூ தேய்வதைக் கணக்கில் எழுதவில்லை.

பிறந்தநாள், கல்யாணம், குழந்தை, பரீட்சை, இரங்கல்,
இன்னும் நான்கு, ஆக ஒன்பது வகை.
எதிரே உட்கார்ந்து துளை போடுவான் எம்லின்,
இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிய கையால்.
ஒரு சாயங்காலம் தலை நிமிராமல் சொன்னான்:
"இத்வாலுக்கு ஒண்ணு வேணும்."
பிறந்தநாளா?
"இல்ல. அவனுக்கும் கடிதம் வந்துருச்சு."

வேலை போனவனுக்கு என்ன எழுதுவது?
வாழ்த்தினால் கேலி.
இரங்கலாம் என்றால்
ஆள் உயிரோடு இருக்கிறான்,
டீக்கு இரண்டு சர்க்கரை கேட்கிறான்.
ஆலை உலையை வெட்டிப் பார்த்தேன், கேக் போல வந்தது.
பறவை வைத்தேன், கல்லறை வாடை அடித்தது.
கதவு செய்தேன், திறந்தபடி.
எந்தக் கதவு என்று கேட்டுவிடுவானோ என்று
அதையும் குப்பையில் போட்டேன்.
கடைசியில்
எம்லினுக்கு ஆலை அனுப்பிய உறையையே பிரித்து
குறுக்கே நேராக ஒட்டினேன்.
கீழே அலை, மேலே வெறும் பழுப்பு.
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

எம்லின் பேனாவை வாங்கி
மூடியைக் கழற்றினான், மாட்டினான், கழற்றினான்.
பிறகு கொட்டை எழுத்தில் எழுதினான்:
"என் முப்பத்திரண்டு ஸ்பானர் உன்கிட்டதானே இருக்கு?"
நாலு தெரு நடந்து போட்டுவிட்டு
நனைந்து வந்தான்.

வியாழக்கிழமை எங்கள் துவாரத்தில் ஏதோ விழுந்தது.
தபால்தலை இல்லை.
பார்த்தால் எங்கள் அட்டையேதான்,
மடிப்போடு இரண்டாக வெட்டிய பின்பாதி.
ரொட்டிக் கத்தியாக இருக்க வேண்டும், ஓரமெல்லாம் பல்.
கரும்பச்சையில் ஒரு ஸ்பானர் வெட்டி ஒட்டியிருந்தான் இத்வால்,
தலை ஒரு பக்கம் சாய்ந்து, பசை வழிந்து.
அடியில்:
"இருக்கு. முடுக்கத்தான் எதுவும் இல்லை."

எம்லின் சிரித்தான். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு,
இருமலில் போய் முடிந்தது.
நான் சிரிக்கவில்லை.
அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.

"போய் ஸ்பானரை வாங்கிட்டு வா" என்றேன்,
"ஆளையும் சேர்த்து."
சூப்புக்கு இன்னும் மூன்று உருளைக்கிழங்கு உரித்தேன்.