பொருளடக்கத்தைப் புதுப்பி

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரே ஃபைல்.
திறந்தால் வட்டம் சுற்றும்.
கச்சேரி சாலை முனைவரை போய்
ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.
வந்த பிறகும் சுற்றும்.

வாய்க்கால் சீரமைப்புத் திட்ட அறிக்கை.
கொண்டுவந்தவர் உதவிப் பொறியாளர் சம்பந்தமூர்த்தி.
திங்கட்கிழமை காலை திருச்சிக்குப் போயாக வேண்டும்.
"சின்ன வேலைதாம்மா ஜெசிந்தா,
பக்க நம்பர் மட்டும் ஒழுங்கா விழணும்."
சின்ன வேலை என்று வருகிறவர்கள்
செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை.

ஏழு பிரிவு அலுவலகம், ஏழு பேர் கை.
பாதி யூனிகோடு, பாதி பாமினி.
மாற்ற மறந்த இடங்களில்
மதகு என்பது kjF என்று நின்றது.
புதுப் பக்கம் வேண்டிய இடத்திலெல்லாம்
என்டர், என்டர், என்டர்,
முப்பது நாற்பது தடவை,
பொறுமையாகத் தட்டியிருக்கிறார்கள்.
மேலே ஒரு சொல் சேர்த்தால்
கீழே நூறு பக்கம் சரிகிறது.

ஆற்றைப் போல, என்று சொல்ல வாய் வருகிறது.
சொல்ல மாட்டேன்.
ஆற்றுக்கு அன்டூ கிடையாது.

இரண்டு முறை உறைந்தது.
மூன்றாம் முறை மின்சாரம் போய்
யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்ததும்
விரல் தானாகவே சேமித்தது
(பதினொரு வருடத்து விரல்).
அன்று இரவுதான் ஒன்பதாக வெட்டினேன்:
வீரசோழன் தனி, மஞ்சளாறு தனி,
மண்ணியாறு இரண்டு துண்டு.
ஐந்து எம்.பி. மதகுப் படங்களைப் பட்டினி போட்டு
இளைக்க வைத்தேன்.
வெற்று என்டர்களை அள்ளிக் கொட்டியதில்
அறுபத்து மூன்று பக்கம் காணாமல் போனது.
யாரும் தேடவில்லை.

ஒவ்வொரு ஊருக்கும் தலைப்பு மூன்று,
ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தலைப்பு இரண்டு.
பிறகு ஒன்பதையும் ஒரு தாய் ஃபைலின் கீழ் கோத்து
எஃப் ஒன்பதை அழுத்தினேன்.

பொருளடக்கம் மளமளவென்று இறங்கியது.
புள்ளி புள்ளியாக, எண் எண்ணாக,
கிளியூர்க் கட்டளை, தெற்கு நத்தம், புதுவாய்க்கால் கோடி.
கடைசிப் பக்கத்தில்
கீழக்கோரைமேடு இல்லை.

கடைமடையில் கடைசி ஊர்.
எங்களுக்கு அங்கே ஆறு மா, குத்தகையில்.
இல்லாவிட்டால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

தேடினேன். இருந்தது.
கொட்டை எழுத்தில், அடிக்கோட்டோடு,
மற்ற ஊர்களைவிடப் பெரிதாகவே இருந்தது.
ஆனால் அது தலைப்பு இல்லை;
சாதாரணப் பத்தி, தடித்த எழுத்தில்.
கண்ணுக்குத் தெரியும்.
பட்டியலுக்குத் தெரியாது.

ஒரு சொடுக்கு. தலைப்பு மூன்று. எஃப் ஒன்பது.
கீழக்கோரைமேடு, புள்ளிகள்,
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.

அதோடு விட்டிருக்கலாம்.
பக்கத்துக்குப் போய்ப் படித்தேன்.
மதகு எண் பதினேழு: ஷட்டர் இல்லை.
பரிந்துரை:
அதற்கப்புறம் கட்டம் காலி.

கர்சர் அந்தக் கட்டத்துக்குள் துடித்துக்கொண்டிருந்தது.
"புது ஷட்டர்" என்று தட்ட
எத்தனை நொடி ஆகும்?
கை வைத்தேன். எடுத்தேன்.
நான் பக்கத்துக்குக் கூலி வாங்குகிறவள்.
ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட்டேன்:
சார், இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு வந்தார்.
பக்க எண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பார்த்தார்,
சந்தோஷம்.
"அது என்ன, ஓரத்துல சிவப்பா?"
படித்தார். காதைச் சொறிந்தார்.
சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.
"பிரின்ட்ல வராதுல்ல?"
"வராதபடி வைக்கலாம் சார்."
"அப்ப இருக்கட்டும்."

சேமித்தேன்.
இருநூறு குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.