பதினைந்து நிமிடம்

உட்கார், பத்ரி. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச்
சும்மா உட்கார்.
இப்போது தொட்டால் உன் அடுப்பைத்தான் தொடுவேன்.

வெளியே தெலாவியில் பனி ஈரமாய் விழுகிறது.
விடியலிலிருந்து இருநூறு ரொட்டி.
ஒவ்வொன்றுக்கும் இடுப்புவரை குனிந்து
குழியடுப்பின் சுவரில் அறைந்த வலக்கை
மயிர் பொசுங்கி, மழமழவென்று
மேசைமேல் ஆறுகிறது.
எனக்கென்று கொண்டுவந்த ரொட்டியும்
செய்தித்தாளுக்குள் ஆறுகிறது.

பிறகு என் புறங்கை.
உள்ளங்கைக்குப் பிடிக்கத் தெரியும்,
கேட்கத் தெரியாது.
இடது மணிக்கட்டு, வலது மணிக்கட்டு: ஒன்றுபோல்.
முன்கையில் வலப்பக்கம் சற்றே வெதுவெதுப்பு,
அது தொழிலின் மிச்சம்.
நிமிரும்போதெல்லாம் அடுப்பு விளிம்பில் இடிக்கும்
முழங்கை முனைக்கு வந்ததும்
விரல்கள் நின்றுவிட்டன.
திரும்பப் போனேன். இடது. வலது. மறுபடி இடது.
ஒரு லாரி நாணயத்தின் அளவு,
அங்கே மட்டும்
யாரோ அணைக்க மறந்தது போல.

"எத்தனை டிகிரி, லமாரா?"
தெரியாது என்றேன்.
சிரித்தான். "அடுப்பும் அப்படித்தான்.
கையை உள்ளே விட்டு எண்ணுவேன்.
மூன்றைத் தாண்டி எண்ண முடிந்தால்
இன்னும் விறகு."

இரண்டு வாரம் ஓய்வு என்று நான் சொல்லி முடிக்குமுன்
சட்டைக் கையை இறக்கிவிட்டான்.
"நாளையிலிருந்து இடக்கை.
கோணலாய் ஒட்டும். வேகாமலா போகும்?"

வாசலில் அந்த இடக்கையைத்தான் நீட்டினான்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம்
பிடித்துக்கொண்டேன்.
அடுத்த வாரம்
ஒப்பிட இது இராது.